டி.நகரில் பார்க்கிங் ஏன் கிடைக்கவே மாட்டேங்குது? 20 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் நடுவில் ஒரு கணக்கு

ஆடித் தள்ளுபடியோ தீபாவளிக்கு முந்தைய ஞாயிறோ, மாலை ஐந்து மணிக்கு மேல் பனகல் பூங்காவைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். ஒரே கார் இரண்டு, மூன்று முறை கடந்து போகும். இண்டிகேட்டர் போட்டபடி, வேகத்தைக் குறைத்து, யாராவது வண்டியை எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போகும் கார். டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு வழி தெரியாமல் இல்லை. இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பட்டுப்புடவையும் நகையும் எடுக்க டி.நகர் வருகிறவர்களில் பலர், “பர்ச்சேஸைவிட பார்க்கிங்தான் டென்ஷன்” என்று சலித்துக்கொள்வது சகஜம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: வண்டிகள் அதிகம், இடம் குறைவு. அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. பாண்டி பஜாரை ஒட்டியே நூற்றுக்கணக்கான வண்டிகளை நிறுத்தும் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கும்போதும், தெருவோரத்துக்குப் போட்டி குறையவில்லையே, ஏன்?

சுருக்கமாக…

- பிரச்னை இடத்தில் மட்டும் இல்லை. எந்த இடத்துக்கு என்ன விலை, அதை மீறினால் என்ன ஆகும் என்பதிலும் இருக்கிறது.
- ரோட்டோரம் இலவசமாகவோ மலிவாகவோ இருக்கும்வரை, எவ்வளவு பெரிய மாடி பார்க்கிங் கட்டினாலும் தெருவில் நெரிசல் குறையாது.
- “ஃப்ரீ பார்க்கிங்” என்பது உண்மையில் ஃப்ரீ இல்லை. பெட்ரோலாக, நேரமாக, நடைபாதையாக யாரோ ஒருவர் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.
- கட்டணத்தை மட்டும் ஏற்றி, பஸ்ஸையும் நடைபாதையையும் சரிசெய்யாமல் விட்டால் அதுவும் நியாயம் ஆகாது.

எங்கே, எவ்வளவு கட்டணம்?

பெருநகர சென்னை மாநகராட்சி ஸ்மார்ட் பார்க்கிங் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வைத்த அடிப்படைக் கட்டணம் எளிமையானது. காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு மணிக்கு 5 ரூபாய். கூட்டம் அதிகமுள்ள பாண்டி பஜார் போன்ற பிரீமியம் இடங்களில் ரோட்டோரத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு: காருக்கு 60, டூவீலருக்கு 15.

இதன் பின்னால் ஒரு யோசனை இருந்தது. பாண்டி பஜார் என்று எல்லோரும் சொல்லும் தியாகராய சாலை, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் அகலமான நடைபாதைகளோடு மாற்றி அமைக்கப்பட்டு, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. நடைபாதை அகலமானால் ரோட்டோரம் வண்டி நிறுத்தும் இடம் குறையும். அதை ஈடுகட்டத்தான் அந்தச் சாலையை ஒட்டி, தணிகாசலம் சாலையில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. 222 கார்கள், 513 டூவீலர்களை நிறுத்தலாம்.

ரோட்டோரம் விலை அதிகம், மாடியில் விலை குறைவு என்று வைத்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஷாப்பிங் செய்கிறவர் தானாகவே மாடிக்குப் போவார். அஞ்சு நிமிஷ வேலைக்கு வந்தவர் ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கிளம்புவார். காகிதத்தில் இது நல்ல கணக்கு.

களத்தில் இது ஓட்டை விழுவது இரண்டு இடங்களில். முதலாவது, பிரீமியம் கட்டணம் பிரதான சாலையில் மட்டும் இருந்து, பக்கத்துத் தெருவுக்குள் திரும்பினால் காசே இல்லை என்றால், யாரும் மாடிக்குப் போக மாட்டார்கள். பக்கத்துத் தெருவுக்குத்தான் போவார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர் தன் வீட்டு கேட்டைத் திறக்க முடியாமல் நிற்பார். இரண்டாவது, ‘நோ பார்க்கிங்’ போர்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டுப் போவது பல நேரங்களில் பார்க்கிங் கட்டணத்தைவிட மலிவாக முடிகிறது.

அபராதம் 500 ரூபாய்… அது எப்படி மலிவு?

மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதன்படி இடையூறாக வண்டியை நிறுத்துவது போன்ற பொதுவான விதிமீறல்களுக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். கேட்டால் பெரிய தொகையாகத் தெரியும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடி பார்க்கிங்கில் மூன்று மணி நேரம் கார் நிறுத்த, 20 ரூபாய் வீதம் 60 ரூபாய் ஆகும். எட்டு முறை வந்து போனால் 480. இப்போது அதே எட்டு முறையும் நோ பார்க்கிங்கில் நிறுத்தி, ஒரே ஒரு முறை மட்டும் மாட்டினால் அபராதம் 500. கிட்டத்தட்ட சமம். இருபது முறைக்கு ஒரு முறைதான் மாட்டுவோம் என்று ஒருவர் நினைத்தால், அவர் மனக்கணக்கில் ஒரு தடவைக்கு ஆகும் செலவு 25 ரூபாய் மட்டுமே. மாடியில் போய் 60 ரூபாய் கட்டி, வண்டி வரக் காத்திருந்து, பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட இது லாபம் என்று தோன்றத்தானே செய்யும்?

அதனால் அபராதத்தின் அளவைவிட, மாட்டுவதற்கான வாய்ப்புதான் முக்கியம். எப்போதாவது ஒருநாள் பெரிய ரெய்டு நடத்துவதைவிட, தினமும் தவறாமல் சின்ன அபராதம் போடுவது அதிகம் வேலை செய்யும். ‘இங்க நிறுத்தினா நிச்சயம் லாக் போட்டுடுவாங்க’ என்ற நினைப்பு வந்த தெருவில் யாரும் துணிந்து நிறுத்துவதில்லை.

சுத்திச் சுத்தி வருவதற்கு என்ன விலை?

பார்க்கிங் பற்றிப் பேசும் யாரும் தவிர்க்க முடியாத பெயர் டொனால்ட் ஷூப். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2025 பிப்ரவரியில் காலமானார். இலவச பார்க்கிங் ஊருக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதை ஒரு பெரிய புத்தகமாகவே 2005-ல் எழுதியவர். பல நகரங்களில் நடந்த 16 ஆய்வுகளை அவர் தொகுத்துப் பார்த்தபோது, நெரிசலான கடைவீதிகளில் ஓடிய வாகனங்களில் சராசரியாக 30 சதவிகிதம், நிறுத்த இடம் தேடிச் சுற்றியவை என்று தெரிந்தது. தேடும் நேரம் சராசரியாக எட்டு நிமிடம். ஏற்கெனவே நெரிசலுக்குப் பேர்போன தெருக்களில்தான் அந்த ஆய்வுகள் நடந்தன என்பதால், எல்லா ஊருக்கும் எல்லாத் தெருவுக்கும் இதே எண் பொருந்தாது. ஆனால் விஷயம் புரிய அது போதும்.

டி.நகர் மாதிரி ஒரு இடத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஒரு கடைத்தெருவில் ரோட்டோரமாக 100 கார்கள் நிற்க இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காரும் ஒரு மணி நேரம் நிற்கிறது. பத்து மணி நேர வியாபாரத்தில் 1,000 கார்கள் வந்து போகும். ஒவ்வொன்றும் இடம் தேடி வெறும் அரை கிலோமீட்டர் சுற்றினாலே, ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர். சென்னையில் இருந்து மதுரை போகிற தூரத்தைவிட அதிகம். அந்த ஒரு தெருவுக்குள்ளேயே, எங்கேயும் போய்ச் சேராமல்.

இந்த 500 கிலோமீட்டரில் எரிகிற பெட்ரோல் கார்க்காரரின் பணம். அதற்குப் பின்னால் ஹாரன் அடித்தபடி நிற்கிற மாநகரப் பேருந்தில் இருக்கும் அறுபது, எழுபது பேரின் நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது? அதற்கு பில் வருவதில்லை. அதனால்தான் ஃப்ரீ பார்க்கிங் உண்மையிலேயே ஃப்ரீ மாதிரித் தெரிகிறது.

கட்டடத்துக்கு அடியில் இருக்க வேண்டிய பார்க்கிங் எங்கே போனது?

புதிதாக ஒரு வணிகக் கட்டடம் கட்டினால், அதன் பரப்பளவுக்கு ஏற்ப இத்தனை காருக்கு, இத்தனை டூவீலருக்கு இடம் விட வேண்டும் என்பது விதி. இப்போது நடைமுறையில் இருக்கும் 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் அது இருக்கிறது, அதற்கு முந்தைய விதிகளிலும் இருந்தது. ஆனால் டி.நகரின் பழைய வணிகத் தெருக்களில் பல கட்டடங்கள் அனுமதித்ததைவிட அதிக மாடிகளோடு, பக்கவாட்டு இடைவெளி விடாமல் எழுந்தன. வண்டி நிற்க வேண்டிய அடித்தளம் ஸ்டாக் ரூமாகவோ கடையாகவோ மாறுவது சென்னைக்குப் புதுசு இல்லை.

1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விதிமீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ள அது வழிவிட்டது. உயர் நீதிமன்றம் தலையிட்டதைத் தொடர்ந்து 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பகுதிகளில் பல வணிகக் கட்டடங்களுக்கு சீல் வைக்கப்பட்டது. 2012 ஜனவரியில், பொங்கல் வியாபாரத்தை ஒட்டி அவற்றைத் தற்காலிகமாகத் திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சீல் வைப்பதும் திறப்பதுமாக இந்தக் கதை நீண்டது. கட்டடத்துக்குள் வண்டி நிறுத்தும் இடம் மட்டும் திரும்ப வரவில்லை.

இதன் அர்த்தம் என்ன? கட்டடத்துக்குச் சொந்தக்காரர் தன் மனைக்குள் கொடுத்திருக்க வேண்டிய பார்க்கிங்கை, பொதுச் சாலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடம் கடையாக மாறியதால் வருகிற லாபம் ஒருவருக்கு. அதற்கு ஈடான சாலையின் இழப்பு எல்லோருக்கும். அவசர நேரத்தில் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய முடியாமல் போனால், அந்த இழப்பு நெரிசலோடு நிற்காது. உஸ்மான் சாலையில் 2017 மே மாதம் ஒரு பெரிய ஜவுளிக் கடைக் கட்டடம் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டதை இந்தப் பகுதி மறக்கவில்லை.

சரி, இன்னும் பத்து மாடி பார்க்கிங் கட்டிவிட்டால்?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு இதுதான். தணிகாசலம் சாலைக் கட்டடத்தை வைத்தே பார்க்கலாம்.

நான்கு டூவீலருக்கு ஒரு கார் என்று தோராயமாகக் கணக்கு வைத்தால், 513 டூவீலர்கள் சுமார் 128 கார்களுக்குச் சமம். 222 கார்களோடு சேர்த்தால் 350 கார் இடங்கள். 40 கோடி ரூபாயை 350-ஆல் வகுத்தால், ஒரு கார் இடத்துக்கு 11 லட்சம் ரூபாய்க்கு மேல். நிலத்தின் விலை இதில் இல்லை. டி.நகரில் நிலம் என்ன விலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மணிக்கு 20 ரூபாய் வீதம், தினமும் பத்து மணி நேரம், வருடம் முழுக்க ஒரு நாள்கூட காலியாக இல்லாமல் அந்த இடம் நிரம்பினால், கட்டுமானச் செலவை மட்டும் எடுக்கவே 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லிஃப்ட் பராமரிப்பு, கரண்ட் பில், ஊழியர் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். அதாவது ஒவ்வொரு 20 ரூபாய் டோக்கனுக்குப் பின்னாலும், கார் வாங்கவே வழியில்லாதவர்களும் சேர்த்துக் கட்டிய பொதுப்பணம் இருக்கிறது.

இடத்தின் அளவையும் பார்க்க வேண்டும். கார் நிற்கும் கட்டம் மட்டும் சுமார் 12.5 சதுர மீட்டர். உள்ளே வந்து திரும்பி வெளியே போகும் வழியையும் சேர்த்தால், திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், அடித்தளத்தில் 32 சதுர மீட்டர் வேண்டும் என்பது இந்தியாவில் நகரத் திட்டமிடலில் பயன்படுத்தும் அளவுகோல். சென்னையில் ஒரு சின்ன ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு ஆகும் இடம் அது. அதில் ஒரு கார் தூங்குகிறது.

இதனால் மாடி பார்க்கிங்கே வேண்டாம் என்று ஆகிவிடாது. தேவைதான். ஆனால் மாடியில் 350 கார் இடம் திறக்கும்போது, அதே அளவு இடத்தை ரோட்டோரத்தில் இருந்து திரும்ப எடுத்து நடைபாதைக்கோ பேருந்துக்கோ கொடுத்தால்தான் பலன் தெரியும். ரோட்டோரமும் அப்படியே, மாடியும் கூடுதலாக என்றால், “இடம் இருக்காம், வண்டியிலேயே போலாம்” என்று இன்னும் அதிக வண்டிகளைக் கூப்பிட்டதாகத்தான் முடியும்.

கட்டணம் ஏற்றினால் சாதாரண மக்களுக்குத்தானே அடி?

நியாயமான கேள்வி. சென்னையில் ஓடும் வாகனங்களில் பெரும்பாலானவை டூவீலர்கள். ஒரு கடையில் சேல்ஸ் வேலை பார்ப்பவர், காலை பத்து மணிக்கு வந்து இரவு ஒன்பது மணி வரை பைக்கை நிறுத்தினால், மணிக்கு 5 ரூபாய் என்றாலே 55 ரூபாய். பிரீமியம் கட்டணம் என்றால் 165. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், 5 ரூபாய்க் கணக்கிலேயே 1,430 ரூபாய் போய்விடும். அவர் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. டெலிவரி வேலை செய்கிறவருக்கு இன்னும் சிக்கல். பார்சலை எடுக்க ஐந்து நிமிடம் நிற்பதற்கும் ஒரு மணி நேரக் கட்டணமா?

ஆனால் ‘ஃப்ரீ’யாக விட்டால் இவர்களுக்கு லாபமா என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கடைவீதிகளில் காலையிலேயே வந்து ரோட்டோரத்தை நிரப்புவது, கடை வைத்திருப்பவர்களின் வண்டியும் அங்கேயே வேலை பார்ப்பவர்களின் வண்டியும்தான். பத்து மணி நேரம் ஒரே கார் நிற்கிற இடத்தில், இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து வாடிக்கையாளர்கள் வந்து போயிருக்கலாம். “பார்க்கிங்குக்குக் காசு வாங்கினா கஸ்டமர் வர மாட்டாங்க” என்று வியாபாரிகள் பயப்படுவது புரிகிறது. ஆனால் இடமே கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றிவிட்டு மாலுக்குப் போய்விடும் கஸ்டமரும் அவர்கள் இழந்த கஸ்டமர்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013-ல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். நடைபாதையைப் பொதுமக்களுக்கு மீட்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு சின்னக் கடை இரண்டு சதுர மீட்டரில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். அதைப்போல ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும் காருக்கு அதே கண்டிப்பு ஏன் வருவதில்லை? பார்க்கிங் கட்டணத்தை ‘ஏழைக்கு எதிரானது’ என்று எதிர்க்கும் முன் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

மத்திய அரசின் 2006-ம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்ட வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. நடைமுறையில் தொழிலாளிக்கும் டெலிவரி ஊழியருக்கும் வழி இல்லாமலும் இல்லை: முதல் பத்துப் பதினைந்து நிமிடம் இலவசம், ஊழியர்களுக்குக் கொஞ்சம் தள்ளி மலிவான மாத பாஸ், கடைவாசலில் மட்டும் அதிகக் கட்டணம்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

ஜப்பானில் 1962-லேயே சட்டம் வந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில், வீட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். வாங்கும்போதே “எங்க நிறுத்தப்போறீங்க?” என்று கேட்டுவிடுகிறார்கள். டோக்கியோவின் குறுகிய தெருக்கள் வண்டிகள் இல்லாமல் காலியாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ 2011-ல் வேறு மாதிரி முயன்றது. தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் கட்டணத்தை மாற்றினார்கள். எப்போதும் நிரம்பி வழியும் தெருவில் கொஞ்சம் ஏற்றுவது, காலியாகக் கிடக்கும் தெருவில் இறக்குவது. எல்லாத் தெருவிலும் ஒன்றிரண்டு இடமாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் இலக்கு. கட்டணம் எகிறிவிடும் என்று பயந்தார்கள். கடைசியில் சராசரிக் கட்டணம் லேசாகக் குறைந்தது. ஏனென்றால் விலையை இறக்க வேண்டிய தெருக்களும் நிறைய இருந்தன.

அதே கலிஃபோர்னியாவில் பழைய பாசடேனா என்ற கடைவீதி 1993-ல் மீட்டர் போட்டபோது, வருமானத்தை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் சுத்தத்துக்கும் செலவிட்டது. எதிர்த்த வியாபாரிகளைச் சம்மதிக்க வைத்தது அதுதான். பாண்டி பஜாரில் வசூலாகும் பணம் பாண்டி பஜாருக்கே செலவாகிறது என்று ஒரு போர்டு வைத்துக் கணக்குக் காட்டினால், அங்கும் எதிர்ப்பு குறையலாம்.

சென்னையில் அடுத்து என்ன?

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக ‘கும்டா’, சென்னைப் பெருநகரப் பகுதிக்கு ஒரு பார்க்கிங் கொள்கையை உருவாக்கியிருக்கிறது. கார் வாங்கும் முன் நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற யோசனையும் அதையொட்டி 2025-ல் பேசப்பட்டது. ஜப்பான் பாணி யோசனை இது. கேட்க நன்றாக இருந்தாலும், பழைய அபார்ட்மென்ட்களிலும் லைன் வீடுகளிலும் இருப்பவர்களுக்கு எப்படிப் பொருந்தும், போலிச் சான்றுகளை யார் தடுப்பது என்பவை பெரிய கேள்விகள்.

அதைவிட அவசரமான பிரச்னை வசூல். 2025 ஜூலையில் பழைய ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, புதிய டெண்டர் முடிவாகும்வரை மாநகராட்சி வாகன நிறுத்துமிடங்களில் கட்டணம் கட்ட வேண்டாம் என்று மாநகராட்சி அறிவித்தது. வண்டி ஓட்டிகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் ஒப்பந்தம் கைமாறும் இடைவெளியில் விலைக் கட்டுப்பாடே காணாமல் போகிறது என்றால், அது ஒரு கொள்கையாக இன்னும் ஊன்றவில்லை என்றுதான் அர்த்தம். சீட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் நபர் உண்மையில் மாநகராட்சி ஆளா என்ற சந்தேகமும் இந்த மாதிரி இடைவெளிகளில்தான் வளர்கிறது.

வண்டியே இல்லாமல் வரும் வழிகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன. மாம்பலம் ரயில் நிலையத்தையும் டி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடத்தில் பனகல் பூங்காவிலேயே நிலையம் வருகிறது. அது திறந்த பிறகும் ரோட்டோரம் ஃப்ரீயாகவே இருந்தால், காரை வீட்டில் விட்டுவிட்டு வர பலருக்குக் காரணமே இருக்காது.

இந்த வாரமே டி.நகர் போகிறவர்களுக்கு…

- மூன்று மணி நேரம் தாண்டுமா? நேராக அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குப் போவதே மொத்தத்தில் மலிவு. பூங்காவை இரண்டு சுற்று சுற்றிய பிறகு போனாலும் கட்டணம் அதேதான், பெட்ரோல்தான் கூடுதல்.
- கட்டணப் பலகை பார்க்கவும். கட்டணங்களும் ஒப்பந்ததாரரும் மாறுகிறார்கள். பலகையும் ரசீதும் இல்லாத இடத்தில் கேட்கப்படும் தொகை சந்தேகத்துக்குரியது. புகாருக்கு மாநகராட்சி உதவி எண் 1913.
- பாதி வழி வண்டி, பாதி வழி ரயில். பார்க்கிங் வசதி உள்ள மெட்ரோ அல்லது புறநகர் ரயில் நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு வரலாம். தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு மாம்பலம் நிலையம் கடைவீதியின் வாசலிலேயே இருக்கிறது. மெட்ரோவில் வருகிறவர்கள் நந்தனத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம்.
- நேரத்தை மாற்றலாம். வார நாள் முற்பகலில் கிடைக்கும் இடம், ஞாயிறு மாலையில் கிடைக்காது. பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் காரை மறந்துவிடுவதே நல்லது.
- குடியிருப்புத் தெருவைத் தவிர்க்கவும். அடுத்தவர் கேட்டை மறித்து மிச்சப்படுத்தும் 60 ரூபாய்க்கு, அங்கே ஆம்புலன்ஸ் வர முடியாத ஒரு நாளும் சேர்ந்து வரலாம்.

‘கட்டுப்படியாகும் பார்க்கிங்’ என்றால் பலரும் நினைப்பது குறைந்த கட்டணத்தை. உண்மையில் போனதும் கிடைக்கிற இடம், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரிகிற விலை, வண்டியே எடுக்காமல் வந்தாலும் சிரமம் இல்லாத வழி, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது கட்டுப்படியாகும். புதிய டெண்டர் வரும்போது மணிக்கு எத்தனை ரூபாய் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அதோடு இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும்: பக்கத்துத் தெருக்களும் திட்டத்துக்குள் வருகின்றனவா, விதிமீறல் தினமும் கவனிக்கப்படுகிறதா, வசூலான பணம் அதே தெருவுக்குத் திரும்புகிறதா. மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதுதான் பதில் என்றால், அடுத்த தீபாவளிக்கும் பனகல் பூங்காவைச் சுற்றி அதே ஊர்வலம்தான்.